ஒரு நிமிஷம், கருப்பு சரியில்லை

உலகத்தில் விளையாடுகிறவர்கள் உண்டு. விளையாட்டைப் பார்த்துக் கை தட்டுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேண்டாம் என்று போர்த்திக்கொண்டு தூங்கும் புண்ணியவான்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நாலாவது இனம் ஒன்று இருக்கிறது. பல்லி, பாச்சைக்கெல்லாம் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கும் உயிரியல் புத்தகங்கள் இதை மட்டும் எப்படி விட்டுவிட்டன என்று தெரியவில்லை. விளையாடத் தயாராகிக்கொண்டே இருக்கும் இனம் அது. 'சரிசெய்வோர்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

சரிசெய்வோரை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வருவார். 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்பதற்கு முன்னால், "டிவியில என்ன இவ்வளவு மஞ்சள் அடிக்குது?" என்று கேட்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ரிமோட் அவர் கையில் இருக்கும். காபி ஆறிக்கொண்டிருக்கும், உங்கள் குழந்தை பாதியில் விட்ட பாட்டைத் திரும்பப் பாடலாமா கூடாதா என்று வாசற்படியில் நின்றுகொண்டிருக்கும், அவரோ சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, கூட்டியதைக் குறைத்து, குறைத்ததைக் கூட்டி, கடைசியில் 'இப்பதான் பார்க்கிற மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே எழுந்து போய்விடுவார். அன்றிலிருந்து உங்கள் வீட்டில் செய்தி வாசிக்கும் அம்மாள் பச்சை முகத்தோடுதான் செய்தி வாசிப்பார். பழைய நிறத்துக்குத் திரும்புவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நாம் பார்க்கப்போகிற ஆசாமியை அலுவலகத்தில் 'திருகாணி' என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் திருகாணி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் மேஜை அவருடையது. அங்கே எதைத் திருகுவதற்கு இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

"சார், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன் சார்!"

"ஒரு நிமிஷம். உங்க குரல்ல ஒரு கரகரப்பு வருது. இப்பப் பேசுங்க."

"மாட்டிக்கிட்டேன் சார்!"

"இப்ப ரொம்ப மெலிசாக் கேக்குது. இருங்க, கொஞ்சம் ஏத்துறேன். இப்ப?"

"ஐயோ, லைட்டும் போயிடுச்சு சார்!"

"ஆ! இப்ப பிரமாதம். மணி மாதிரி இருக்கு உங்க குரல். சொல்லுங்க, என்ன விஷயம்?"

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரு கல்யாணம். அங்கேதான் வினை பிடித்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடை ஏறினார்கள். பெரியப்பா, அத்தைமார், பெண்ணின் அப்பா, இடுப்பில் குழந்தையோடு மாமா மகள் என்று ஒரு ஊரே நின்றது. படக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். "பொறுங்க, பின்னாடி லைட் வெளுப்பா அடிக்குது" என்றார் திருகாணி. ஏணி வந்தது. விளக்கு இடம் மாறியது. பிறகு அது அதிகச் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு நிழல் விழுந்தது. படக்காரர் போய் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவுக்குக் கால் கடுத்தது, அத்தைமாருக்குப் பஸ் போய்விடும், குழந்தை வீறிட்டது, ஆளாளுக்கு ஒரு பக்கமாக நழுவினார்கள். கடைசியில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சில காலி நாற்காலிகளும் இருக்கின்றன. நாற்காலிகள் மேல் விழுந்திருக்கும் வெளிச்சத்தை மட்டும் குறை சொல்லவே முடியாது.

"உனக்கு மனுஷங்களே தெரிய மாட்டாங்களாண்ணா? வெளிச்சம் மட்டும்தான் தெரியுமா?" என்று புதுச் சம்பந்திகளுக்கு முன்னால் தம்பி கேட்டான். திருகாணி சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். தம்பி மனைவியோடு கடல் தாண்டி வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவில்லை. அம்மா ஒருத்திதான் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இவன் இருமினால் அவனுக்கும் அவன் தும்மினால் இவனுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம் ஒருநாள் பார்சல் வந்தது. உள்ளே முகத்தில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். பெட்டி. நீச்சல்காரர் கண்ணாடியைப் பத்து மடங்கு பெருக்கியது போல ஒன்று. மாட்டிக்கொண்டால் கூடம் மறைந்து வேறோர் உலகம் கண்ணைச் சுற்றி எழுந்து நிற்கும். அதே உலகத்துக்குள் வந்திருக்கும் இன்னொருவருக்கு நம் உருவமும் தெரியும், குரலும் கேட்கும். கூடவே திருகாணி மனைவியின் ஃபோனுக்குத் தம்பியின் குரல்: "அண்ணி, ஃபோன்ல பேசினா நாங்க ரெண்டு பேரும் திரும்பச் சண்டைதான் போடுவோம். இதுல ஒரு விளையாட்டு போட்டு அனுப்பியிருக்கேன். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய சுரங்கத்திலேருந்து வெளிய வரணும். ஒருத்தர் கயித்தைப் புடிச்சாத்தான் இன்னொருத்தர் இறங்க முடியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூண்டுகிட்ட நிக்கிறேன். அண்ணனை வரச் சொல்லுங்க."

திருகாணிக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்? சரிசெய்வோருக்கும் ரத்தமும் சதையும் உண்டு. சின்ன வயதில் கரண்ட் போனால் தம்பி முதலில் தேடியது விளக்கை அல்ல, அண்ணனுடைய சட்டை நுனியை. அதை நினைத்துக்கொண்டார். 'அன்னைக்கு நான் செஞ்சது தப்புடா' என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது முகம் கொஞ்சம் மஞ்சளடித்தது. கடைக்குப் போய் வெள்ளை பல்பு வாங்கி வந்து மாட்டினார். அதற்குள் வாக்கியம் மறந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. பெட்டியை மாட்டிக்கொண்டார். சுரங்கம் விரிந்தது. மேலே பாறை, கீழே தண்டவாளம், தூரத்தில் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டு. பார்த்தார். "ஐயையோ!" என்றார்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "என்னங்க? தம்பிக்கு என்ன ஆச்சு?"

"கருப்பு சாம்பலா இருக்குடி!"

விஷயம் இதுதான். மலிவான பெட்டிகளில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகையால் அவற்றில் இருட்டு கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும், பலமுறை துவைத்த கருப்புச் சட்டை போல. கண்ணுள்ளவர்கள் இதைச் சிறிது நேரத்தில் மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். அந்த விளையாட்டைச் செய்தவர்களும் விவரமானவர்கள்தான். உள்ளே நுழைந்ததும் ஓர் ஆந்தைப் படத்தைக் காட்டி, 'இந்த ஆந்தை லேசாகக் கண்ணுக்குத் தெரியும்வரை இந்தப் பொத்தானை நகர்த்துங்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகூடச் செய்துவிடும்.

திருகாணிக்குச் சிரிப்பு வந்தது. "லேசாத் தெரியணுமாம்! இருட்டுன்னா ஆந்தை எதுக்குத் தெரியணும்?" ஆந்தை மங்கியது; இன்னும் நகர்த்தினார்; கண் மட்டும் மிஞ்சியது; அதையும் விடவில்லை. ஆந்தை ஒழிந்தது. அப்படியும் இருட்டில் ஒரு சாம்பல் பூச்சு ஒட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது.

தம்பிக்கு ஒரு செய்தி போனது: 'ஒரு நிமிஷம். கருப்பு சரியில்லை.'

சரிசெய்வோருடைய ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த ஒரு நிமிஷத்தில் தம்பி சுரங்கத்தில் நின்றான், உட்கார்ந்தான், தண்டவாளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான், பிறகு வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் திருகாணி ஒரு குழுவில் சேர்ந்தார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சரிசெய்வோர் கூடும் இணையச் சங்கம் அது. அங்கே யாரும் வணக்கம் சொல்வதில்லை. 'உங்க கான்ட்ராஸ்ட் எவ்வளவு?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'முழுக்கருப்பு' என்பது அவர்களுடைய மோட்சம். அதை அடைந்துவிட்டதாகச் சொல்லப்படும் 'ஆழ்கடல்' என்ற புனைபெயர்க்காரர் சங்கத்தின் பெரிய குரு. ஒருமுறை ஒரு அப்பாவி உள்ளே வந்து, 'இந்தச் சுரங்க விளையாட்டு முடிவில் என்ன ஆகிறது?' என்று கேட்டுவிட்டான். சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டவனை வெளியே தள்ளினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் அந்தக் கோணலை அளக்கவே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்.

ஆழ்கடல் சொன்னதெல்லாம் வீட்டில் அமலுக்கு வந்தது. மூக்கோரம் வெளிச்சம் நுழையக்கூடாதென்று பெட்டியின் விளிம்பில் கருப்புத் துணி தைக்கப்பட்டது. ஜன்னலுக்கு இரட்டைத் திரை. குளிர்பதனப் பெட்டியின் சின்னப் பச்சை விளக்கின் மேல் டேப். மனைவி பட்டப்பகலில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். மேஜை முனையில் முட்டிக்கொண்டாள். அதோடு விட்டாரா?

"இங்க வா. இதை மாட்டிப் பாரு. இது முன்னாடி இருந்தது. இது இப்ப. வித்தியாசம் தெரியுதா?"

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். உண்மைக்குத் தண்டனையாக மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பிழைக்கத் தெரிந்துகொண்டாள்.

"ஆமாங்க. நல்லா வித்தியாசம் தெரியுது."

"எங்க தெரியுது, சொல்லு?"

"இருட்டுல."

அடுத்த ஞாயிறு தம்பி மறுபடி வந்தான். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று செய்தி போனது. பொறுமைசாலிப் பையன், 'சரிண்ணா, அடுத்த வாரம்' என்று பதில் போட்டான். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, 'தம்பி என்னைப் புரிஞ்சிக்கிட்டான்' என்று திருகாணி மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். இந்த இனத்தின் இன்னொரு குணம் இது: காத்திருக்கிறவர்களெல்லாம் தங்களைப் புரிந்துகொண்டதால்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

மூன்றாவது ஞாயிறு அவர் வாழ்க்கையில் பொன்னெழுத்தில், மன்னிக்கவும், கருப்பெழுத்தில் பொறிக்கவேண்டிய நாள். எந்தப் பொத்தானை எவ்வளவு நகர்த்தினார், நகர்த்தியதை எங்கே நிறுத்தினார் என்பது அவருக்கே நினைவில்லை. பெட்டியை மாட்டினார். 'சத்தம் கண்ணைக் கெடுக்கும்' என்பது ஆழ்கடலின் உபதேசம். ஆகையால் ஒலியைச் சுத்தமாக அடைத்தார். சுரங்கம் விரிந்தது. அந்தச் சுரங்கத்திலேயே இருட்டான இடம் எது என்று தேடினார். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அதற்கு நேர் எதிரே போய் நின்று உற்றுப் பார்த்தார்.

கருப்பு! சாம்பல் இல்லை, பூச்சு இல்லை, ஒரு புள்ளிகூட வெளுப்பு இல்லை. அமாவாசையைக் கரைத்து ஊற்றியது போல அப்படி ஒரு கருப்பு. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆஹா" என்று வாய்விட்டுச் சொன்னார். "ஒண்ணுமே இல்ல. சுத்தமா, இங்க ஒண்ணுமே இல்ல!"

சிரித்தார். தலையை ஆட்டினார். இடப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பார்த்தார், வலப் பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு திருப்தியோடு அந்த மூலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். சுற்றுமுற்றும் ஆளைக் காணோம். 'தம்பி இன்னும் வரலை போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டு, வருவதற்குள் சங்கத்துக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்று பெட்டியைக் கழற்றினார். ஆழ்கடலே மெச்சி எழுதினார். திரும்ப மாட்டிப் பார்த்தபோது 'உங்கள் கூட்டாளி வெளியேறிவிட்டார்' என்று வெள்ளை எழுத்தில் காட்டியது. அந்த வெள்ளை கொஞ்சம் கண்ணைக் குத்துவதாக அவருக்குப் பட்டது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் ஃபோன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். அம்மாவின் குரல் ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது.

"அவனைக் கூப்பிடு! நான் பெத்ததுதானா இது, இல்ல ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"என்னம்மா?" என்றார் திருகாணி.

"என்னம்மாவா? சின்னவன் அழுதுக்கிட்டே ஃபோன் பண்றான்டா. அந்தக் கூண்டுகிட்ட உனக்கு நேரா நின்னு, 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்பிட்டுக் கையை நீட்டினானாம். நீ அவன் மூஞ்சியையே உத்துப் பார்த்துட்டு, 'இங்க ஒண்ணுமே இல்ல'ன்னியாமே! அதோட விட்டியா? சிரிச்சியாம்! சிரிச்சிட்டு முதுகைக் காட்டிட்டுப் போனியாம்! பேசப் புடிக்கலைன்னா வராம இருந்திருக்கலாம். காக்க வெச்சு இப்படியாடா பண்ணுவாங்க?"

திருகாணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அங்க யாரும் இல்லம்மா. நான் நல்லாப் பார்த்தேன். அங்க இருட்டுதான் இருந்துச்சு."

மனைவி பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆந்தை இருந்த பக்கத்துக்குப் போனாள். ஆந்தை லேசாகத் தெரியும்வரை, எழுதியிருந்தபடியே, பொத்தானை நகர்த்தினாள். பிறகு சுரங்கத்துக்குள் போய் அந்த மூலையைப் பார்த்தாள்.

"இங்க ஒரு பெஞ்சு இருக்குங்க" என்றாள் நிதானமாக. "ஒரு மண்வெட்டி இருக்கு. சுவத்துல தொப்பி மாட்டுற ரெண்டு கொக்கி. ஒண்ணுல தொப்பி இல்ல, தம்பி போட்டுக்கிட்டிருப்பாரு. இன்னொண்ணு அப்படியே தொங்குது, உங்களுக்கு வெச்சது." பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். "ஒரு கூட்டமே நிக்கலாம் அந்த மூலையில. நீங்க எல்லாத்தையும் கருப்படிச்சுட்டீங்க."

திருகாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் தம்பி இருட்டில் நின்று கை நீட்டியிருக்கிறான். தான் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இதைவிடப் பாவம் உண்டா? நமக்கே அவர் மேல் இரக்கம் வருகிறது. கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவு சீக்கிரம் இரக்கப்பட்டுவிடாதீர்கள்.

மனைவி தன் ஃபோனில் தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். அவன் அண்ணியின் அழைப்பு என்று எடுத்துவிட்டான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"டேய்..." என்றார். "நான் உன்னைப் பார்க்கலடா. சத்தியமா. கருப்பை ரொம்ப இறக்கிட்டேன். நீ அங்க நின்னதே எனக்குத் தெரியலடா. சத்தத்தையும் அடைச்சு வெச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு மூக்குறிஞ்சல். பிறகு தம்பி மெல்லச் சிரித்தான்.

"அதானே பார்த்தேன். நீ அவ்வளவு கெட்டவன் இல்லியேன்னு. நீ ஒரு பைத்தியம்ணா."

"ஆமாண்டா. அன்னைக்குக் கல்யாணத்துல நான் செஞ்சதும்..."

"அதை விடு. அந்தக் காலி நாற்காலிப் படத்தைத்தான் நாங்க கூடத்துல மாட்டி வெச்சிருக்கோம். வர்றவங்கல்லாம் கேப்பாங்க, நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சரி, இப்ப உள்ள வா. ஒரே கயிறு, நான் புடிக்கிறேன், நீ இறங்கு."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெண்ணெய் திரண்டு வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை, 'வர்றேண்டா' என்ற ஒரு வார்த்தை போதும். திருகாணியும் வாயைத் திறந்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. புருவம் மேலே போனது. கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று கையை ஆட்டினாள்.

"டேய், ஒரே ஒரு சந்தேகம்."

"என்னண்ணா?"

"நீ அங்க நின்னப்ப என்ன கலர் சட்டை போட்டிருந்தே?"

"...கருநீலம். எதுக்கு?"

"கருநீலமா! எனக்குக் கை நீளத்துல நின்னிருக்கே, கையை வேற ஆட்டியிருக்கே, துளிகூடத் தெரியலியே! அப்ப அது எப்பேர்ப்பட்ட கருப்புன்னு பாரேன்! ஆழ்கடலுக்குக்கூட இப்படி வந்திருக்காதுடா. இப்ப உங்கண்ணி வந்து பொத்தானைத் தொட்டுக் கெடுத்துட்டா. நான் எதுல நிறுத்தியிருந்தேன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நீ ஒண்ணு செய், அதே மூலையில போய் அப்படியே நில்லு. நான் நகர்த்திக்கிட்டே வர்றேன். நீ எப்ப மறையிறியோ..."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. தாழி உடைந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. "லைன் கட் ஆயிடுச்சு" என்றார்.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெட்டியை மாட்டிக்கொள்வது அண்ணிதான். கொழுந்தன் கயிற்றைப் பிடிப்பான், அண்ணி இறங்குவாள். அண்ணி விளக்கைத் தூக்கிக் காட்டுவாள், கொழுந்தன் பாறையைத் தாண்டுவான். பாதி வழியில் தம்பி மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு கதை பேசுவாள். மூன்று தடவை வழி தவறி, நாலு தடவை தண்ணீரில் விழுந்து, வயிறு வலிக்கச் சிரித்து, ஒருநாள் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தேவிட்டார்கள். வெளியே விளையாட்டுக்காரர்கள் ஒரு பெரிய ஏரியையும் விடியற்காலையையும் வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாத முடிவு அதுதான்.

திருகாணி அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார். பெட்டிக்குள் ஓடுவது டிவியிலும் தெரியும் அல்லவா, அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதைப் போய் எப்படித்தான் பார்க்கிறியோ! எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு."

"சாம்பல்தாங்க" என்பாள் அவள், பெட்டியைக் கழற்றாமலே. "ஆனா ஆள் தெரியுது."

தம்பி அவளிடம் ஒவ்வொரு வாரமும் அண்ணன் சௌக்கியமா என்று கேட்கிறான். அண்ணனிடம் கேட்பதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. எனக்கு அந்தக் கருப்புப் பெட்டி எதுவும் கிடையாது, நான் இந்த ஜாதி இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அதுவும் நல்லது. இதைப் படிக்க உட்காருவதற்கு முன்னால் தலையணையை எத்தனை தடவை தட்டினீர்கள், விளக்கை எந்தப் பக்கம் திருப்பினீர்கள், எழுத்தைப் பெரிசாக்கினீர்களா சிறிசாக்கினீர்களா என்றெல்லாம் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. ஆனால் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். 'ஒரு நிமிஷம்' என்றீர்கள். யார் அது? தலையைத் தூக்கிப் பாருங்கள். அந்த மூலையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், மறுபடியும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.